மெயிலில் படிவம் அனுப்பி விவரம் திரட்டியவர்களே, மறக்க முடியாத பதில் எது?

மலைக்கோட்டை:
மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸ் 2007-இல் ‘கிரியேட் ஈமெயில்’ பட்டன் ஞாபகம் இருக்கிறதா? அவுட்லுக் மெயில் மென்பொருள் வழியாகப் படிவம் போகும், பதில் வந்ததும் டேபிளில் தானாக ஏறிவிடும். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்க அதைத்தான் பிடித்தோம். இருக்கிற விவரத்தை நிரப்பியே அனுப்பலாம், மாறியதை மட்டும் அவர்கள் திருத்தினால் போதும். தானாக ஏற்றும் டிக்கைப் போடச் சொன்னவர் செயலர்.

ஒரு பெரியவருடைய பதிலில் துணைவர் பெயர்க் கட்டம் அப்படியே இருந்தது. கட்டத்துக்கு வெளியே, பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘ஆவணியில் தவறிவிட்டாள். பெயரை அழிக்க எனக்குக் கை வரவில்லை, நீங்களே எடுத்துவிடுங்கள்.’ கட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் அக்சஸுக்குக் கணக்கு. பழைய பெயரையே மறுபடி ஏற்றிவிட்டு, வெற்றிகரமாகச் சேர்ந்தது என்று நிலை காட்டியது. பொங்கல் விழா அழைப்பு ‘தம்பதி சமேதராக’ என்று போனது. தனியாக வந்தார். அழைப்பிதழை என் மேசையில் வைத்து, “எழுதியிருந்தேனே தம்பி” என்றார். அதற்கப்புறம்தான் ஃபோல்டரில் தேடி அந்த மெயிலைப் படித்தேன். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

டேபிள் ராசா:
அக்சஸ் மேல் பழி போடாதீர்கள். அந்த டிக்கை எடுத்திருந்தால் பதில்கள் அவுட்லுக்கில் தனி ஃபோல்டரில் காத்திருக்கும். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு ரைட் கிளிக் செய்து ஏற்றலாம். ஆயிரம் பேர் இருந்தாலும் நான் அப்படித்தான் செய்வேன்.

என் கதை சின்னது. விவசாயிகளிடம் நிலப் பரப்பு கேட்டோம், அது எண்ணை மட்டும் ஏற்கும் நம்பர் ஃபீல்டு. ஒருவர் ‘ரெண்டரை ஏக்கர், கிணறு தனி’ என்று எழுதினார். ஏற்றம் தோல்வி. அவ்வளவுதான்.

இன்னும் பழைய அக்சஸில் இதைச் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று, நீளமாக எழுத இடம் தரும் மெமோ ஃபீல்டு ஒன்று கட்டாயம் வையுங்கள், மனிதர்கள் அங்கேதான் பேசுவார்கள். மெயிலுக்குள்ளேயே தெரியும் எச்டிஎம்எல் படிவமாக அனுப்பினால், முதலில் ரிப்ளை அழுத்திவிட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். இல்லையென்றால் ‘டைப்பே ஆகவில்லை சார்’ என்று போன் வரும். இன்ஃபோபாத் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் செய்த படிவம் என்றால் வாங்குகிறவர் கணினியிலும் இன்ஃபோபாத் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தாதீர்கள், வருகிற பதில் வீடு தெரியாமல் நிற்கும். எப்படியும் அக்சஸ் 2013 பதிப்பில் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக எக்செல் ஃபைலை அட்டாச் செய்து அனுப்பலாம் என்று கிளம்பாதீர்கள். போன் நம்பரின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 3/4 என்பது ஒருவருக்கு ஏப்ரல், இன்னொருவருக்கு மார்ச். பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது. 2020-இல் இங்கிலாந்தில் பொது சுகாதாரத் துறை அந்த எல்லையில் மாட்டித்தான் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வராமல் போயின. அப்புறம், ஒவ்வொரு வரிசைக்கும் அடையாளமான பிரைமரி கீயை யார் கையிலும் திருத்தக் கொடுக்காதீர்கள்.

ஸ்கார்பரோ அண்ணை:
ராசா, உங்களிடம் ஆரும் வகுப்பு எடுக்கச் சொல்லி கேட்கவில்லை 🙂

எங்கட ஊர்ப் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்துக்கு விலாசம் சேர்த்தோம். படிவத்தை மெயிலில் அனுப்பினோம். பாதிப் பேர், ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில் நிரப்பி அனுப்பினார்கள். எழுத்துருவை எடுத்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை, அது உங்களுக்குத் தெரிந்த கதை. விசயம் அதில்லை. சிஎஸ்வி ஆக்கி டேட்டாபேஸுக்குள் ஏற்றினால் சில பேருடைய விவரம் மட்டும் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. பெயர்க் கட்டம் வெறுமை, விலாசத்தில் பெயர், போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர். பார்த்தால் எல்லாரும் இராசரத்தினம், இரத்தினசிங்கம், இந்திராணி. பாமினியில் ‘இ’ என்ற எழுத்து கமா விசையில் இருக்கு. சிஎஸ்வி ஃபைலில் கட்டங்களைப் பிரிக்கிறதே கமாதான், அதைக் கண்ட இடமெல்லாம் கணினி கட்டத்தைப் பிரித்துவிட்டது. விலாசத்தில் ‘இலங்கை’ என்று போட்ட ஒருவரும் தப்பவில்லை.

ஒரு இராசதுரை அண்ணைக்குப் போன் எடுத்து, உங்கட பெயர் சரியாய் வரவில்லை, திருப்பி அனுப்புங்கோ என்றேன். “தம்பி, நான் வடிவாய்த் தமிழிலதான் எழுதினனான், உங்கட மிசினுக்குத் தமிழ் தெரியாட்டி நான் என்ன செய்ய?” என்று வைத்துவிட்டார். இன்றுவரைக்கும் கதைக்கிறதில்லை.

நைட் ஷிப்ட்:
ராசா சொல்லும் டிக், மெமோ ஃபீல்டு எல்லாம் அனுப்புகிறவர் பிரச்சினை. நான் நிரப்பிய பக்கம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இன்சூரன்ஸுக்கு விவரம் கேட்டு ஒரு மெயில். எல்லார் முகவரியும் ‘டூ’ வரிசையில். என் பக்கத்து சீட் அக்கா ரிப்ளை ஆல் கொடுத்துவிட்டார். பிறந்த தேதி, பான் நம்பர், ‘ஏற்கெனவே உள்ள நோய்’ கட்டத்தில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று. அனுப்பிய நொடியில் ஒவ்வொரு சீட்டிலும் அவுட்லுக் ‘டிங்’ என்றது. எச்ஆர் அதை ரீகால் செய்யச் சொன்னார். அப்போதெல்லாம் ரீகால் செய்தால் ‘இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று இன்னொரு மெயில் வரும், படிக்காமல் விட்டவனும் திறந்து படிப்பான். அதுதான் நடந்தது. அக்கா அன்று மதியம் சாப்பிட வரவில்லை. எச்ஆர் மறுநாள் அதே படிவத்தை, அதே ‘டூ’ வரிசையோடு, நினைவூட்டல் என்று திரும்ப அனுப்பினார்.

டேபிள் ராசா:
ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசி-யில் போட்டிருக்கலாமே. அண்ணை, உங்களுக்கும் ஒன்று: முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதற்கப்புறம் சிஎஸ்வி ஆக்குங்கள்.

ஸ்கார்பரோ அண்ணை:
மாத்தியாச்சு ராசா, டேட்டாபேஸ் எப்பவோ சரி. இராசதுரை அண்ணைக்கு என்ன கன்வெர்ட்டர் இருக்கு, அதைச் சொல்லுங்கோ.