முட்டை வேகாத ஊற்றும் முட்டை வெந்த ஊற்றும்

கொழும்பில் வெந்நீர் ஊற்று என்று வாயெடுத்தால் எல்லோரும் கன்னியாவைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மம்மாவின் 31ஆம் நாள் காரியத்துக்காகத் திருகோணமலைக்குப் போனபோது அந்த ஏழு சதுரக் கிணறுகளிலும் வாளியால் அள்ளி அள்ளிக் குளித்திருக்கிறேன். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஏழு முறை குத்திய இடம் என்பது கதை. கதை பெரிதுதான். தண்ணீர் என்னவோ 40 பாகை செல்சியஸை ஒட்டியது. வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியும் மார்ச் மாத மத்தியானங்களில் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

அதைவிடச் சூடான ஊற்று கிழக்கே காட்டுக்குள் இருக்கிறது என்று கேள்விப்பட்டவன் என் அக்காவின் மகன். பதின்மூன்று வயது. ஓகஸ்ட் விடுமுறையில் பிடிவாதமாக நின்று எங்களைக் கிளப்பிவிட்டான். அம்மாவும் தன் முழங்கால் வலிக்கு நல்லது என்று சேர்ந்துகொண்டார். மருமகனின் பையில் ஆறு முட்டைகளும் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் மானியும் இருந்தன. அவற்றை மகியங்கனை தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் வீதியின் பதினெட்டு வளைவு இறக்கத்தில் ஒரு முட்டைகூட உடையாதது அதிசயம். (பெயர்தான் பதினெட்டு. வீதியை அகலமாக்கியபோது ஒரு வளைவு போய்விட்டது. அம்மா எண்ணிக்கொண்டே வந்து, ஒன்றை எங்கோ தவறவிட்டதாக மகியங்கனை வரையில் கவலைப்பட்டார்.)

பதியத்தலாவையைக் கடந்து மகா ஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். ஊற்றுகள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சுற்றிச் சீமெந்துக் கட்டுக் கட்டியிருக்கிறார்கள். அடியிலிருந்து குமிழி குமிழியாக வருகிறது. மருமகன் மானியை உள்ளே விட்டான். அது இலக்கம் எதுவும் காட்டாமல் 'எச்' என்ற எழுத்தை மட்டும் காட்டியது. 43 பாகைக்கு மேல் காய்ச்சலோடு மனிதன் இருக்கமாட்டான் என்பது அந்த மானியின் கணக்கு.

இரண்டு முட்டைகளைத் துணிப்பையில் கட்டி இறக்கினான். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உடைத்துப் பார்த்தால் கடையில் வாங்கியபடியே வழிந்தது. பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஊற்று ஐம்பத்துச் சொச்சம் பாகைதான், முட்டை வேகப் போதாது என்று சிங்களத்தில் சொன்னார். "முட்டை அவிக்கிற ஊற்று வேண்டுமென்றால் கபுரெல்லவுக்குப் போக வேண்டும், மல்லி (தம்பி). ஆனால் காடு."

நாட்டிலேயே அதிகச் சூடான ஊற்று அதுதான். 70 பாகைக்கு மேல். எங்கள் நாட்டில் எரிமலை இல்லை. பிறகு எப்படி இந்தச் சூடு என்று மருமகன் கேட்டான். மத்திய மலைநாட்டுப் பழம்பாறைகளும் கிழக்குப் பக்கத்துப் பாறைகளும் சந்திக்கிற எல்லை ஒன்று இந்த வழியாகத்தான் தெற்கே போகிறது. அங்குள்ள வெடிப்புகளில் மழைநீர் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். சூடேறிய நீர் வேறொரு வெடிப்பால் வேகமாக மேலே வந்துவிட்டால் ஆற நேரமில்லை. மகா ஓயா, வஹவ, கபுரெல்ல, ஹம்பாந்தோட்டைப் பக்கத்து மஹாபெலஸ்ஸ எல்லாம் அந்த எல்லையை ஒட்டியவைதான்.

மறுநாள் விடியற்காலை அம்மாவை வாகனத்தோடு ஊற்றடியில் விட்டுவிட்டு, அந்தப் பெரியவரோடு புறப்பட்டோம். ஐயே (சிங்களத்தில் அண்ணன்) என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். கொஞ்ச தூரம் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில், மிச்சம் நடை. அவருக்கு எழுபது வயதிருக்கும். கையில் ஒரு தடி, காலில் ரப்பர் செருப்பு. என் காலில் கொழும்பில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய மலையேறும் சப்பாத்து. இரண்டாவது ஓடையிலேயே அதன் அடி பிளந்துவிட்டது. அவர் காட்டுக்கொடி ஒன்றை அறுத்துக் கட்டிவிட்டார்.

வழியில் யானை இலத்தி கிடந்தது. ஐயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் அதை அமுக்கிப் பார்த்தார். "விடியமுன்" என்றார். மேலே நடந்தார். அடுத்த இலத்தியில் விரலை வைத்தவர் எதுவும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லி விரலை உதட்டில் வைத்தார்.

ஊற்றைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. படிக்கட்டு, கட்டடம், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. மரங்கள் விலகிய ஒரு வெளி, அதில் நீராவி. குளிர்ந்த காலை என்பதால் ஆவி முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. புல் இல்லாத இடத்தில் கால் வைக்காதே என்றார் ஐயே. ஏன் என்று கேட்டதற்குத் தடியால் குத்திக் காட்டினார். மேலே காய்ந்த மண்போல் தெரிந்தது ஓர் அங்குலப் பொருக்குத்தான். அதன் கீழே கொதிசேறு. மருமகனின் சட்டைக் கொலரைப் பிடித்தபடியே மிச்ச நேரம் நின்றேன்.

மிஞ்சிய நான்கு முட்டைகளையும் தடி நுனியில் கட்டி இறக்கினோம். ஐம்பது நிமிடம். உடைத்தபோதுதான் வேடிக்கை. வீட்டில் அவித்தால் வெள்ளை முதலில் இறுகும், மஞ்சள் பிறகு. இங்கே மஞ்சள் கரு உருட்டி எடுக்கலாம் போல இறுகியிருந்தது, வெள்ளை கட்டித் தயிர் போலத் தளதளத்தது. மஞ்சளுக்குக் குறைந்த சூடு போதும், வெள்ளை முழுதாக இறுகத்தான் 80 பாகை வேண்டும். சட்டியில் வெளிச்சூடு முந்திக்கொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. உப்பு வாகனத்தில் இருந்தது.

திரும்பும் வழியில், பாதை வளைவு ஒன்றுக்கு இந்தப் பக்கம், ஐயே சட்டென்று குந்திவிட்டார். "அலியா இன்னவா." எனக்கு மரங்கள்தான் தெரிந்தன. பிறகு ஒரு மரம் காதை அசைத்தது. ஒற்றை யானை. நாற்பது யார் தூரம் இருக்கும். ஓடலாமா என்று மருமகன் கண்ணாலேயே கேட்டான். ஐயே தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல உதிரவிட்டுக் காற்றைப் பார்த்தார். காற்று எங்கள் பக்கம்தான் வீசியது. அவர் வெற்றிலையை எடுத்து மடித்தார். நான் கும்பிடாத தெய்வமில்லை, பிள்ளையாரை மட்டும் அந்தச் சமயத்தில் கூப்பிடத் தயக்கமாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, கிளை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அப்போதும் ஐயே உடனே எழும்பவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் எழும்பினார்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: ஊர்க்காரர் ஒருவர் கூட வராவிட்டால் போகாதீர்கள். வரைபடத்தில் வழி காட்டும், இலத்தியின் சூட்டைக் காட்டாது. அந்தத் தண்ணீரில் குளிக்கவும் முடியாது. குளிப்பதற்கு மகா ஓயாவே போதும், அதுவும் ஆறவிட்டுத்தான்.

அங்கே அம்மா மூன்று முறை குளித்து முடித்து, ஊர்ப் பெண்களோடு சிநேகமாகி, இரண்டு பெரிய போத்தல்களில் ஊற்றுநீரும் நிரப்பி வைத்திருந்தார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். பாரம் குறைந்திருக்கிறது என்றார். எட்டு மணி நேரம் வாகனத்தில் உட்கார்ந்து வந்த களைப்பில் இரவு அடித்துப்போட்டதுபோல் தூங்கியதும் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். சொல்லவில்லை. அவருக்கென்று வைத்திருந்த முட்டையை உப்புத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளை வேகவில்லையே என்று குறை சொன்னார்.

கொழும்புக்கு வந்து சேர்வதற்குள் போத்தல் தண்ணீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. மறுநாள் காலை சமையலறையில் ஏதோ கொதிக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அம்மா அதைக் கேஸ் அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.