பேப்பர்ல வராம போன கதைங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கும்பகோணத்தான்:
2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை ராத்திரி. விகடன் சைட்டு திறக்கல. வீட்டு வைஃபை தான் மக்கர் பண்ணுதுன்னு ரவுட்டரை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், மச்சானுக்கு ஃபோன் போட்டா அவனுக்கு வருது எனக்கு வரல, ஒரு மணி நேரம் கழிச்சு அவனுக்கும் போச்சு. அப்புறம் தான் விஷயமே தெரிஞ்சுது, அமெரிக்காவுல இருந்து நம்ம ஆளுங்களை விலங்கு மாட்டி அனுப்பினாங்கல்ல, அதை வச்சு ட்ரம்ப் பக்கத்துல மோடி விலங்கோட உக்காந்திருக்கிற மாதிரி போட்ட கார்ட்டூன். ஒரு படம் பிடிக்கலன்னா மொத்த சைட்டையுமா மூடுவாங்க? மார்ச் 6 தான் ஹைகோர்ட், கார்ட்டூனை இப்போதைக்கு எடுங்க, சைட்டைத் திறந்து விடுங்கன்னு சொல்லுச்சு. உங்களுக்கு இந்த மாதிரி நேர்ல பட்டது இருந்தா எழுதுங்க.

ஈயம்கோர்த்தவன்:
தம்பி, எனக்கு அப்ப பத்தொன்பது வயசு, மெட்ராஸ்ல ஒரு சின்ன வாரப் பத்திரிகையில அச்செழுத்து கோர்க்கிற கம்பாசிட்டர். 1976 ஜனவரி 31 தி.மு.க. ஆட்சியைக் கலைக்கிற வரைக்கும் நம்ம பக்கம் எமர்ஜென்சின்னா என்னமோ டெல்லி சமாச்சாரம் மாதிரி தான் இருந்துச்சு. கலைச்ச பிறகு பாருங்க, அச்சடிக்கிறதுக்கு முன்னாடி சரிபார்க்க எடுக்கிற கேலி புரூஃபைச் சுருட்டி சைக்கிள்ல வச்சுகிட்டு சென்சார் ஆபீசுக்குப் போறதே என் வேலையாயிடுச்சு. அந்த ஆபீசரைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், டீயெல்லாம் வாங்கித் தருவார், தந்துகிட்டே சிவப்பு பென்சிலால அடிப்பார். ஒரு தடவை பஸ் நேரத்துக்கு வர்றதில்லன்னு ஒரு வாசகர் எழுதின லெட்டரை அடிச்சுட்டார். ஏன் சார்னேன். "இப்பல்லாம் பஸ் நேரத்துக்கு வருதுப்பா"ன்னார், சிரிக்காம.

அடிச்ச இடத்தைச் சும்மா விடவும் கூடாது. டெல்லியில ஒரு பேப்பர் தலையங்கத்தையே வெள்ளையா விட்டு மானத்தை வாங்கிடுச்சுல்ல, அதனால காலியிடமும் தடை. நாங்க சமையல் குறிப்பு போட்டு அடைச்சோம். வெண்டைக்காய் மோர்க்குழம்பு மட்டும் ரெண்டு தடவை வந்துச்சு. தி.மு.க. பேப்பர் முரசொலிக்காரங்க எங்களை விட கெட்டி. விசாரணை இல்லாம உள்ள வைக்கிற மிசா சட்டத்துல உள்ள போனவங்க பேரைப் போடக்கூடாதே, பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளுக்கு மலர் வளையம் வைக்க வர முடியாதவங்கன்னு ஒரு பட்டியல் போட்டாங்க. படிச்சவனுக்குப் புரிஞ்சுது.

வடமராட்சிப் பெட்டை:
நான் எழுத்துக்கூட்டி வாசிச்சதே கோடு போட்ட கொப்பித் தாளில அடிச்ச பேப்பர் தான். 90களில யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, பேப்பர் அடிக்கத் தாள் வராது, கரண்டும் இல்லை. அம்மா வாசிச்சு முடிச்ச பேப்பரில வெறுமையாக் கிடக்கிற ஓரத்தில நான் கணக்குச் செய்வன். பிறகு 2006 மே 2, உதயன் பேப்பர் கந்தோருக்குள்ள ஆயுதக்காரர் பூந்து சுட்டவங்கள், அங்க வேலை செய்த ரெண்டு பேர் செத்துப் போச்சினம். அடுத்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள், கொழும்பில யுனெஸ்கோ மாநாடு வேற நடக்குது, நினைச்சுப் பாருங்கோ. அந்தக் கிழமை முழுக்க அப்பா வெளியில போய் வாங்கின பேப்பரை மடிச்சு சேர்ட்டுக்குள்ள வச்சுக்கொண்டு தான் வருவார். கேட்டா மழைக்கு எண்டுவார். மே மாசத்தில எங்க மழை?

ஸ்ட்ரிங்கர்:
இதெல்லாம் படிச்ச பிறகு என் கதையைச் சொல்லவே கூச்சமா இருக்கு. மணல் லாரி மேட்டர், போட்டோவோட அனுப்பினேன். டெஸ்க்ல ஓகே. ராத்திரி எட்டரைக்கு ஃபோன், எடிட்டர் இல்ல போலீஸும் இல்ல, விளம்பரம் பாக்குறவர். "தம்பி, ஒரு வாரம் போகட்டுமே." அந்த ஒரு வாரம் இன்னும் முடியல, ஆறு வருஷமாச்சு. காலையில அந்த இடத்துல "லாரிகளால் போக்குவரத்து நெரிசல்"னு நாலு வரி வந்துச்சு, அதுவும் என் பேர் இல்லாம, அதுக்கு நான் சந்தோஷப்பட்டேன்னா பாத்துக்கோங்க.

கும்பகோணத்தான்:
ஐயா, மோர்க்குழம்பு ஏன் ரெண்டு தடவை?

ஈயம்கோர்த்தவன்:
முதல் தடவை வெண்டைக்காயை வதக்கணும்ங்கிற வரியை அவசரத்துல விட்டுட்டேன், குழம்பு வழவழன்னு வந்துச்சுன்னு மூணு பேர் திட்டி லெட்டர் போட்டாங்க. அந்த மூணையும் ஆபீசர் அடிக்கல.