புதுப்பிப்பு: அகலப் பலகையை ஒடுங்கலாக அறுப்பது

16 அங்குல அகலத் தேக்குப் பலகையை மறுமுனையில் 12 அங்குலமாக ஒடுக்கி அறுக்க வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மேசை வாளில் டேப்பர் ஜிக் (பலகையைச் சாய்வாகப் பிடித்து வாளுக்குள் தள்ளும் சட்டம்) சரிவரவில்லை. இந்த அகலத்துக்குப் பலகை வெளியே தொங்குகிறது. பலகையை அசையாமல் வைத்து வாளை ஓட்டச் சொன்னதுதான் கைகொடுத்தது. கை வட்டவாளின் (கையில் பிடித்து ஓட்டும் மின்வாள்) அடித்தட்டு விளிம்புக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அறுக்க வேண்டிய கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி நேரான பிளைவூட் துண்டொன்றை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வாளை அதை ஒட்டியே தள்ளினேன். கோட்டுக்கு வெளியே அரை நூல் (1/16 அங்குலம்) விட்டு அறுத்து, மிச்சத்தைச் சீவுளியால் எடுத்தேன்.

எதிர்பாராதது: ஒடுங்கிய முனையிலிருந்து சீவினால் நார் பிய்கிறது. அகன்ற முனையிலிருந்து சீவுங்கள், வழவழப்பாக வரும். பிறகு, திருகோணமலை உப்புவெளியில் முற்றத்தில் வேலை, கச்சான் (தென்மேற்கு) காற்று வேறு. தூள் பறந்து பென்சில் கோடு மறைந்தேவிட்டது. கத்தியால் கீறுவதே நல்லது.