மறுமொழி: "அறுவையொட்டிய உணர்வகற்றல் பேணல்" – சொல் முடிவு செய்ய

> பெரிஆபரேட்டிவ் அனஸ்தீசியா கேர் என்பதற்கு "அறுவைசூழ் மயக்கப் பராமரிப்பு" என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் சாட்டிஸ்ஃபேக்‌ஷனுக்கு "மனநிறைவு" போதும்.

ஐயா, வணக்கம். பெரிஆபரேட்டிவ் அனஸ்தீசியா கேர், அதாவது அறுவைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் மயக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றிய கருத்துப் படிவத்துக்கு நீங்கள் தந்த சொற்களைப் பார்த்தேன். எனக்குப் பெரிய சிக்கல் "மயக்கம்" என்ற சொல்லில்தான். துறைப் பெயரே மயக்கவியல், எங்களை ஊரே மயக்க டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நோயாளியிடம் கருத்துக் கேட்கும் படிவத்தில் இந்தச் சொல் வந்தால் பதிலே தடம் மாறிவிடும்.

சிசேரியன் முடிந்த மறுநாள் வார்டில் ஒரு அம்மாவிடம் "மயக்கம் கொடுத்ததுல உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டேன். "எனக்கு மயக்கமே குடுக்கல டாக்டர். முதுகுல ஊசி போட்டாங்க, கால் மரத்துப் போச்சு. பாப்பா அழுததுகூடக் கேட்டுச்சே" என்றார். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் ஸ்பைனல் என்கிற அதே முதுகு ஊசிதான். அவர், "ஆமா, ரொம்ப மயக்கமா வந்துச்சு, வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார். ஸ்பைனல் போட்டதும் உடம்பின் கீழ்ப்பாதி ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். தலை சுற்றும், கண் இருட்டும், குமட்டும். அவர் சொன்ன மயக்கம் அது. சிகிச்சைக்கும் அதன் பக்கவிளைவுக்கும் ஒரே சொல் இருந்தால், வந்த பதில் பாராட்டா புகாரா என்று எப்படிப் பிரிப்பது?

ஆகவே பொதுச்சொல்லாக "உணர்வகற்றல்" வேண்டும் என்கிறேன். புதுச் சொல் இல்லை, ஏற்கெனவே புழங்குவதுதான். "உணர்வில்லாமல் கிடந்தார்" என்றால் நினைவு இல்லை. "காலில் உணர்வில்லை" என்றால் ஆள் விழித்திருக்கிறார், கால் மட்டும் மரத்திருக்கிறது. முழு மயக்கம், முதுகு ஊசி இரண்டையும் இந்த ஒரு சொல் தாங்குகிறது. ஈதர் கொடுத்து பாஸ்டனில் அறுவை நடந்த 1846-லேயே அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், அந்த ஈதரைக் கொடுத்த மார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில் முன்மொழிந்த அனஸ்தீசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் உணர்வின்மை என்றே பொருள். உள்வகைகளுக்கு முழு மயக்கம், அரைமயக்கம், முதுகு மரப்பு, இட மரப்பு என்று வைக்கலாம். வலியகற்றல் வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

"சூழ்" எனக்கு ஒட்டவில்லை. கடல்சூழ், மலைசூழ் என்று அது இடத்தைச் சுற்றி நிற்கிற சொல். இங்கே பேசுவது காலம். அறுவைக்கு முந்தைய பரிசோதனை, தியேட்டருக்குள் நடப்பது, பிறகு கண்விழித்து வார்டுக்கு வந்து வலி அடங்கும் வரை உள்ள நாள்கள். "பொங்கலை ஒட்டி" என்று நாம் சொல்வதில் முன்னும் பின்னும் அடங்கிவிடுகிறது. எனவே அறுவையொட்டிய.

பராமரிப்பு என்றால் கட்டடத்தையும் பராமரிக்கலாம். பேணல் என்பதில் ஆளைப் பார்த்துக்கொள்வது இருக்கிறது. மருந்து மட்டும் பேணல் ஆகாது. 1963-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் எக்பர்ட் குழுவினர் பார்த்ததில், முன்கூட்டியே மயக்க மருத்துவர் வந்து பேசிவிட்டுப் போன நோயாளிகள், பேச்சில்லாமல் பென்டோபார்பிடால் என்ற தூக்க மருந்து மட்டும் போடப்பட்டவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

மனநிறைவு வாழ்ந்து முடித்தவர் சொல்கிற சொல். ஒரு ஊசிக்கு அது பெரிது. படிவத்தில் திருப்தி என்றே இருக்கட்டும், மக்கள் வாயில் இருப்பது அதுதான். ஆனால் "திருப்தியா?" என்று மொத்தமாக ஒரே கேள்வி கேட்பதில் பெரிய பயனில்லை. ஆஸ்திரேலியாவில் பால் மைல்ஸும் உடன் பணியாற்றியோரும் 10,811 பேரிடம் கேட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 96.8 விழுக்காட்டினர் திருப்தி என்றே சொன்னார்கள். குறைபட்டவர்களிடம் தெரிந்த காரணங்கள்: அறுவையின் நடுவே விழிப்பு வந்தது, வலி, கடும் குமட்டலும் வாந்தியும், மற்ற சிக்கல்கள். நம் ஊரில் டாக்டர் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்? "நல்லா பாத்துக்கிட்டீங்க சார்" என்றுதான் வரும். ஆகவே குமட்டலை, குளிர் நடுக்கத்தை, தொண்டை வலியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளின் தமிழ்தான் தலைப்பைவிட முக்கியம் என்பது என் கருத்து.

---

> உள்வகைகளுக்கு முழு மயக்கம், அரைமயக்கம், முதுகு மரப்பு, இட மரப்பு என்று வைக்கலாம்.

வணக்கம் டொக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. உணர்வகற்றல் எங்களுக்கும் சரி. மரப்பு மட்டும் இஞ்சை எடுபடாது. பல்லுப் பிடுங்கப் போனால் "விறைக்கப் போட்டது" எண்டுதான் சனம் சொல்லும். "கால் விறைச்சுப் போச்சு" எண்டால் உணர்வு இல்லை எண்டு அர்த்தம். உங்கட பக்கம் விறைப்பு எண்டால் வேற மாதிரி விளங்குவினம் எண்டு தெரியும். வாந்தியும் அப்பிடித்தான், எங்கட கிழவியள் "சத்தி எடுத்தது", "ஓங்காளமாக் கிடக்கு" எண்டு சொல்லுவினம். அமெரிக்க மிசனிலை இருந்து வந்த கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலையே மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பிச்ச மண் இது. படிவத்தில் எங்கட சொல்லும் இருக்கவேணும் எண்டு கேக்கிறன்.

---

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் ஐயா. விறைப்பு என்று இங்கே கேட்டால் கை கால் மடங்காமல் கட்டையாக நின்றதா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு படிவமாகவே போட்டுவிடலாம்: தலைப்பு இரண்டிலும் "அறுவையொட்டிய உணர்வகற்றல் பேணல்", கேள்விகளில் அங்கே விறைப்பு, சத்தி, ஓங்காளம், இங்கே மரப்பு, வாந்தி, குமட்டல். முதல் கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: "ஊசி போட்ட பிறகு தலை சுற்றியதா, கண் இருட்டியதா?" மயக்கம் என்ற சொல்லே அதில் வராது. அறுவையின் நடுவே விழிப்பு வந்ததைக் கேட்கும் கேள்விதான் இன்னும் பிடிபடவில்லை. "நடுவில் முழிப்பு வந்ததா?" என்றால் முதுகு ஊசி போட்டவர் எல்லாரும் ஆமாம் என்பார்கள். முழு மயக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்பதாக வைத்து, "தூங்கினதுக்கும் கண் முழிச்சதுக்கும் நடுவுல ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று போடலாமா? கொங்குப் பக்கமும் நெல்லைப் பக்கமும் உள்ளவர்கள் இதை வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.