முதுகில் இறக்கை: பறந்து போனதற்கா, திரும்பி வருவதற்கா?

காசிமேட்டுத் தம்பி:
அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவன் நினைவாக முதுகு முழுக்க இரண்டு இறக்கையும் நடுவில் அவன் பெயரும் டாட்டூ போடலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இறக்கைன்னா விட்டுட்டுப் பறந்து போனவன்னுதானே அர்த்தம்?" என்கிறாள். உண்மையில் என்னதான் அர்த்தம்?

வியாசர்பாடி வாசகன்:
அம்மா சொல்வதுதான் சரி, தம்பி. வெளிநாட்டுக் கல்லறைகளில் செதுக்கும் தேவதைச் சிறகைத்தான் கடைக்காரர்கள் வரைந்து தருகிறார்கள். கிரேக்கக் கதையில் இக்காரஸ் மெழுகால் ஒட்டிய இறக்கையோடு சூரியன் பக்கம் போனான். மெழுகு உருகி, கடலில் விழுந்து செத்தான். கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த அடையாளம் எதற்கு? என் பாட்டி கையில் கோலமும் தேளும் பச்சை குத்தியிருந்தார். அது நம்முடையது.

ராயபுரம் ஸ்டெல்லா:
வாசகன் அண்ணா, இக்காரஸ் ஞாபகம் வந்த உங்களுக்குச் சம்பாதி ஏன் வரவில்லை? ராமாயணத்தில் சம்பாதியும் ஜடாயுவும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் சூரியனை நோக்கிப் பறந்தார்கள். தம்பி வெயிலில் வாடியபோது அண்ணன் தன் இறக்கையை விரித்து அவனை மூடினான். தம்பி தப்பினான், அண்ணனின் இறக்கை கருகியது. அதே சூரியன்தான், ஆனால் இங்கே இறக்கை எரிந்தது தம்பிக்காக. எங்கள் வேதத்திலும் 91ஆம் சங்கீதம் சிறகின் கீழ் அடைக்கலம் என்றுதான் சொல்கிறது. கோழி குஞ்சை மூடுவதைப் பார்த்த யாருக்கும் இது புரியும்.

வியாசர்பாடி வாசகன்:
கதை சரிதான், ஸ்டெல்லா. ஆனால் முதுகைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இன்னொன்று, நம் பக்கத்துப் பையன்கள் காலையில் மைதானத்தில் ஓடுவதே ராணுவத் தேர்வுக்காகத்தான். முழங்கை முதல் மணிக்கட்டு வரை உள்பக்கம், அப்புறம் புறங்கை, இங்கெல்லாம் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி உண்டு. முதுகில் இருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். யோசித்துச் செய்.

புறா மாடி:
25 வருடமாக மாடியில் புறா வளர்க்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. புதுப் புறாவை வாங்கியவுடன் விட்டால் பழைய வீட்டுக்கே ஓடிவிடும். அதனால் இறக்கையைக் கட்டி, நம் கூண்டு பழகும் வரை வைத்திருப்போம். கட்டை அவிழ்த்துவிடும் அன்று சோறு இறங்காது. சாயங்காலம் அது வட்டமடித்து நம் மாடியில் வந்து உட்காரும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே! இறக்கை எதற்கு என்று என்னைக் கேட்டால், வீடு திரும்பத்தான் என்பேன். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் தகைவிலான் குருவியைப் பச்சை குத்திக்கொண்டதும் இதற்குத்தான். 5000 கடல் மைலுக்கு ஒரு குருவி என்று கணக்கு. கடலில் இறந்தவனின் உயிரை அந்தக் குருவி தூக்கிக்கொண்டு போகும் என்றும் நம்பினார்கள்.

ராயபுரம் ஸ்டெல்லா:
தம்பி, படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனி. மேல்நோக்கி விரித்த இறக்கை கிளம்பிப் போவது போல இருக்கும். கீழ்நோக்கி வளைந்தது மூடிக்கொள்வது போல இருக்கும். அம்மாவின் வருத்தம் முதல் படத்தைப் பார்த்துதான் என்று நினைக்கிறேன்.

காசிமேட்டுத் தம்பி:
அக்கா, நேற்று ராத்திரி அம்மாவிடம் சம்பாதி கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மழை வந்தா லுங்கியை விரிச்சு உன்னை மூடித்தான்டா கூட்டிட்டு வருவான்" என்றாள். முன்னங்கை உள்பக்கம், கீழே வளைந்த ஒற்றை இறக்கை மட்டும் போடப்போகிறேன். பெயர் வேண்டாம்.

வியாசர்பாடி வாசகன்:
எனக்கு இன்னும் கோலம்தான் பிடிக்கும், தம்பி. ஆனாலும் அம்மா ஒத்துக்கொண்டால் போடு. ஊசியை உன் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கச் சொல். புண் முழுதாக ஆறும் வரை, இரண்டு மூன்று வாரமாவது கடலில் இறங்காதே.