மஞ்சள் பொடியும் மின்விசிறியும்: யுரேனில் அசிடேட்டோடு பழகியவர்களின் அனுபவங்கள்

கோட்டைப்புறா

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசனை. எழுதிவிடுகிறேன், இடத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். வேலூர், மே மாதம், அவ்வளவு போதும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசு தயார் செய்து கொடுப்பது என் வேலை. பிசினில் பதித்த திசுவை 70 நானோமீட்டர் தடிமனுக்குச் சீவி, 3 மில்லிமீட்டர் அகலச் செப்பு கிரிட்டில் ஏந்தி, முதலில் யுரேனில் அசிடேட் என்ற மஞ்சள் நிற யுரேனிய உப்பின் கரைசலிலும் அடுத்து லெட் சிட்ரேட் என்ற ஈய உப்பின் கரைசலிலும் வைத்துச் சாயம் ஏற்றுவோம். யுரேனியம் கனமான அணு. அது ஒட்டிய இடத்தில் எலக்ட்ரான்கள் சிதறும், படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். சாயம் இல்லாவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். எங்களிடம் வந்தவற்றில் பாதி எலியின் சிறுநீரகத் துண்டுகள். கரையும் யுரேனிய உப்பு உடம்புக்குள் போனால் முதலில் கெடுப்பதும் சிறுநீரகத்தைத்தான். சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கே சிறுநீரகத்தைத் தின்னும் மருந்து.

அன்று 2 சதவீதக் கரைசல் தீர்ந்துவிட்டது. புதிதாக 50 மில்லி போட வேண்டும், அதாவது 1 கிராம் பொடி. பொடியையும் புகையையும் வெளியே இழுத்துவிடும் ப்யூம் ஹூட் என்ற பெட்டியின் மோட்டார் ரிப்பேர், வருகிறேன் என்ற மெக்கானிக் பத்து நாளாக வரவில்லை. சரி, ஒரு கிராம்தானே என்று மேஜைத் தராசிலேயே எடை போட்டேன். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் அஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. தராசுக் கதவைத் திறந்து கரண்டியை உள்ளே நீட்டியதும் மஞ்சளாக ஒரு மூச்சு போலக் கிளம்பியது. பட்டர் பேப்பரோடு சேர்ந்து பொடி மேஜையில் கவிழ்ந்தது.

பாட்டிலில் அந்த மூன்று இதழ் கதிரியக்கக் குறி இருக்குமே, அதைப் பார்த்துவிட்டு பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவர்கள் ரெண்டு பேரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். மூணு பேரும் வெளியே நின்று யாருக்குப் போன் செய்வது என்று பேசுகிறோம். உள்ளே ஃபேன் ஓடுகிறது! ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் அட்டெண்டர் அண்ணன் பின்பக்கக் கதவு வழியாக வந்து, "இன்னா மேடம், மஞ்சத்தூள் கொட்டிச்சா?" என்றபடியே துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் துடைப்பத்தைக் கீழே போட்டார், பாவம். உலர்ந்த துடைப்பம் ஃபேனைவிட மோசம். கீழே கிடப்பதை மூக்கு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அப்புறம் முறைப்படி செய்தோம். ஃபேனை அணைத்தோம். மாஸ்க், ரெண்டு அடுக்கு நைட்ரைல் க்ளவுஸ். டிஷ்யூவை நனைத்து வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு, மறுபடி நனைத்து மறுபடி ஒற்றினோம். தராசின் தட்டு, கதவு இடுக்கு, ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, அண்ணனின் துடைப்பம் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. துடைப்பமும் பைக்குள்தான் போனது. கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி கதிர்வீச்சை அளக்கும் கவுண்டர் கொண்டுவந்து மேஜை முழுக்கப் பார்த்தார். தராசின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் டிக் டிக். அதையும் துடைத்தோம்.

ஒரு வாரம் கழித்து நாலு பேருக்கும் யூரினும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் இன்றுவரை என்னைப் பார்த்தால் "மஞ்சத்தூள் மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, நீங்கள் ஓடியதில் தப்பே இல்லை, ஓடுகிற வழியில் ஸ்விட்சைத் தட்டியிருக்கலாம். மாணவர்களுக்காக ஒரு கணக்குப் போடுகிறேன். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், கணக்கில்லாமல் நான் பயப்பட மாட்டேன்.

கிரிட்டுக்கு வைக்கும் 2 சதவீதக் கரைசல் 20 மைக்ரோலிட்டர் சொட்டு என்று வையுங்கள். அதில் உப்பு 0.4 மில்லிகிராம். உப்பின் எடையில் ஏறத்தாழ 56 சதவீதம் யுரேனியம், அதாவது 0.22 மில்லிகிராம். கடைகளில் வருவது பெரும்பாலும் யுரேனியம்-235 எடுக்கப்பட்ட மிச்ச யுரேனியம். அந்தச் சொட்டிலிருந்து நொடிக்கு மூன்று ஆல்ஃபாத் துகள் வெளிவரும். ஆல்ஃபாவை ஒரு தாள் நிறுத்திவிடும், நம் தோலின் இறந்த மேலடுக்கே நிறுத்திவிடும். யுரேனியம்-238ன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 447 கோடி ஆண்டு. அவ்வளவு சோம்பேறியான அணு. கவுண்டரில் டிக் டிக் என்று கேட்பது பெரும்பாலும் அதன் வாரிசான புரோட்டாக்டினியம்-234 விடும் பீட்டா.

இப்போது இன்னொரு கணக்கு. கரையும் யுரேனியத்துக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். மேலே சொன்ன சொட்டில் இருக்கும் யுரேனியத்தில் கால் பங்குகூட இல்லை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அதையும் கதிரியக்கத்தை வைத்து நிர்ணயிக்கவில்லை, வேதி நச்சை வைத்துத்தான். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் பயப்படுகிற மாதிரி இதற்குப் பயப்பட வேண்டும், அணுகுண்டுக்குப் பயப்படுகிற மாதிரி அல்ல. மூன்று இதழ் குறியைப் பார்த்து எட்டி நிற்கிறவர்கள், அதே பாட்டிலைக் க்ளவுஸோடு தொட்டுவிட்டு அதே கையால் செல்போனை எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் படித்த காலத்தில் சோடியத்தைக் கண்டுபிடிக்க ஜிங்க் யுரேனில் அசிடேட் கரைசல் விடுவோம். எலுமிச்சை நிறத்தில் படிவு இறங்கினால் சோடியம். பிபெட்டை வாயில் வைத்து உறிஞ்சியேதான் எடுத்தோம். நாக்கில் பட்டதும் உண்டு. துவர்ப்பாக இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அப்படி ஒரு காலம்.

பின்னாளில் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். அடித் தட்டில் வெள்ளைக் கண்ணாடி பாட்டில், உள்ளே மஞ்சள் படிகம், லேபிளை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. உடன் இருந்தவர் "பொட்டாசியம் குரோமேட் சார்" என்றார். தோல் பதனிடும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கிற மாவட்டம், மஞ்சள் என்றாலே இங்கே எல்லோருக்கும் குரோமியம்தான் நினைவு வரும். எனக்கு மட்டும் அந்த மஞ்சளில் ஒரு பச்சை மினுக்கம் தெரிந்தது. லாங் பஜாரில் தெரிந்த கடையிலிருந்து கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை வாங்கி வந்தேன். அறையை இருட்டாக்கி, பாட்டிலைத் திறக்காமல், வெளியிலிருந்தே ஒளி அடித்தோம். பச்சையாக எரிந்தது! குரோமேட் அப்படி ஒளிராது. 1896ல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல் புகைப்படத் தகட்டின் மேல் வைத்தது இதே யுரேனில் குடும்பத்து உப்பைத்தான். அந்த மகானுபாவர் இந்த ஒளிர்வைத் துரத்திப் போய்த்தான் கதிரியக்கத்தில் போய் முட்டினார்.

திறக்காமல் பார்த்தோம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பழைய பாட்டிலின் மூடி உள்ளே பொடி அப்பியிருக்கும், திருகும்போதே பறக்கும்.

குடியாத்தம்_பெட்ரோமாக்ஸ்

வாத்தியார் சார், லேப் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா இந்த விஷயத்துல எங்க குடும்பம் உங்களுக்கெல்லாம் சீனியர். எங்க தாத்தா பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்டவர். வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாற்பது லைட் போகும். அந்த மேண்டில் துணியில இருந்தது யுரேனியம் மாதிரியே கதிரியக்கம் உள்ள தோரியம்னு எனக்கு ஐடிஐ படிக்கும்போதுதான் தெரிஞ்சுது. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம். வெல்ஸ்பாக்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் கண்டுபிடிச்ச கலவை. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கிற மோனசைட்லதான் தோரியம் இருக்கு.

ஓடிப்போய்த் தாத்தாகிட்ட சொன்னேன். "இன்னாடா பயம், ராத்திரி பூரா இத்த தலைமேல வெச்சிக்கினுதான ஊர்வலம் போறோம்"னு சிரிச்சுட்டார். அவர் சொன்னதுலயும் பாதி நியாயம் இருக்கு. எரியிற லைட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கிறதால ஒண்ணும் ஆகாது. ஆனா புது மேண்டிலை முதல் தடவ எரிக்கும்போது வர்ற புகைய மூஞ்சி கிட்ட வெச்சுக்கக்கூடாது. எரிஞ்ச பிறகு மேண்டில் வெறும் சாம்பல் கூடு. தட்டினா பொடியா உதிரும். அவர் அத வாயால ஊதித் தள்ளுவார், அப்புறம் அதே கையால பீடி பத்த வெப்பார். பாட்டி மட்டும் ஈரத்துணியால தொடச்சு மண்ணுல புதைப்பாங்க. அவங்களுக்கு தோரியமும் தெரியாது ஒண்ணும் தெரியாது, வீடு அழுக்காகுதுன்னு கோபம், அவ்வளவுதான். இப்ப தோரியத்துக்குப் பதிலா இட்ரியம் போட்ட மேண்டிலும் வருது.

காட்பாடி_ஜங்ஷன்

அக்கா, நான் முதல் வருட ஆராய்ச்சி மாணவன். பயத்தில் ஒரு கேள்வி. எங்கள் லேபில் பழைய கரைசல் மூணு பாட்டில் அடியில் மஞ்சளாகப் படிந்து கிடக்கிறது. சீனியர் ஒருத்தர் "நிறையத் தண்ணி விட்டு சிங்க்ல ஊத்திடு, டைல்யூட் ஆயிடும்" என்கிறார். செய்யலாமா?

கோட்டைப்புறா

தம்பி, கூடவே கூடாது. பாலாறு இதுவரை சுமந்ததே போதும். ஐயோடின்-131 மாதிரி எட்டு நாள் அரை ஆயுள் என்றால் வைத்திருந்து வலு குறைந்த பிறகு அனுப்புவார்கள். இதற்கு 447 கோடி வருஷம், எவ்வளவு நாள் வைத்திருப்பாய்? திரவக் கழிவைத் தனி பிளாஸ்டிக் கேனில் சேர். கேனுக்கு அடியில் ஒரு ட்ரே வை. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினையோ ஆஸ்மியத்தையோ அதில் கலந்துவிடாதே, கலந்த கழிவை யாரும் வாங்க மாட்டார்கள். டிஷ்யூ, பாராஃபிலிம், க்ளவுஸ் தனிப் பையில். பெயர், தேதி, அளவு எழுதி ஒட்டி, உங்கள் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொடு. யுரேனியம் அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிற பொருள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று 1983லிருந்து மும்பையில் இருக்கிறது. சீனியர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அடியில் படிந்ததற்குக் காரணம் வெளிச்சம். பாட்டிலை ஃபாயில் சுற்றி, பழுப்புக் கண்ணாடியில், 4 டிகிரியில் வைக்க வேண்டும். சாப்பாட்டு டப்பா வைக்கிற ஃப்ரிட்ஜில் அல்ல, இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது பார்! படிந்த கரைசலால் சாயம் ஏற்றினால் கிரிட் முழுக்க ஊசி ஊசியாக அழுக்கு விழும், படமும் பாழ்.

காட்பாடி_ஜங்ஷன்

நன்றி அக்கா. எடை போடுவது எப்படி என்றும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஹூடுக்குள் தராசு வைத்தால் காற்றில் எண் ஆடிக்கொண்டே இருக்கிறது.

கோட்டைப்புறா

நல்ல கேள்வி. பலர் தராசை வெளியே எடுத்து வருவதே இதனால்தான், அன்று நான் செய்த தப்புக்கும் வேர் இதுதான். இப்போது நாங்கள் செய்வது: மூடியுள்ள சின்னக் குப்பியை முதலில் காலியாக எடை போட்டுக் குறித்துக்கொள்வோம். குப்பியை ஹூடுக்குள் கொண்டுபோய் கண் அளவாகப் பொடியைப் போட்டு, இறுக மூடி, வெளிப்பக்கத்தை ஈர டிஷ்யூவால் துடைத்து, வெளியே தராசில் மறுபடி எடை. 1.13 கிராம் விழுந்திருந்தால் மறுபடி ஹூடுக்குள் கொண்டுபோய் 56.5 மில்லி தண்ணீர் வருகிற மாதிரி கரைத்துக்கொள்வோம். பொடியைத் தண்ணீருக்கு ஏற்ப அளப்பதை விட்டுவிட்டோம், தண்ணீரைப் பொடிக்கு ஏற்ப அளக்கிறோம். திறந்த பொடி ஹூடைத் தாண்டி வருவதே இல்லை.

முடிந்தால் உன் கைடிடம் கேட்டுப் பார், யுரேனியம் இல்லாத சாயங்கள் இருக்கின்றன. வைரஸ், புரதம் மாதிரியானவற்றைச் சுற்றி மட்டும் கறுப்பாக்கும் நெகட்டிவ் ஸ்டெயினுக்கு பாஸ்போடங்ஸ்டிக் அமிலம், அம்மோனியம் மாலிப்டேட். சீவிய திசுவுக்கு லாந்தனைடு உப்புகளை வைத்துச் செய்த சாயம் வருகிறது. யுரேனில் தருகிற கறுப்பு எல்லாவற்றிலும் வராது, அது உண்மை. ஆனால் பாதி வேலைக்கு அந்தக் கறுப்பு தேவையும் இல்லை.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, எல்லாம் சரி. அந்த ஃபேன் என்ன ஆயிற்று?

கோட்டைப்புறா

கழற்றிவிட்டார்கள் சார், கொக்கி மட்டும் தொங்குகிறது. எடை போடுகிற அறையில் மே மாதம் முழுக்க வியர்வை ஊற்றித்தான் வேலை. அட்டெண்டர் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு "முடிஞ்சிதா மேடம், கதவ தொறக்கலாமா?" என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்.