நிரலுக்குள்ளிருந்து லேடெக் கம்பைல் செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வேளச்சேரியில் அக்கா நடத்தும் டியூஷன் சென்டருக்கு மாதாமாதம் மதிப்பெண் அட்டை போட்டுத் தருவது என் வேலை. எக்செலில் வரும் மார்க்கை என் பைதான் நிரல் படித்து, பிள்ளைக்கு ஒரு லேடெக் (கட்டளைகளாக எழுதினால் பக்கத்தை அழகாக அமைத்துத் தரும் மென்பொருள்) கோப்பாக எழுதி, அங்கிருந்தே கம்பைல் செய்து, அதாவது லேடெக்கை ஓட்டி, பிடிஎஃப் ஆக்கிவிடும். அட்டை பார்க்கவே அவ்வளவு லட்சணமாக இருக்கும், அதற்காகவே இதை விட மனசு வரவில்லை.

ஆனால் ஒரு தடவை நிரல் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தியும் இல்லை, முடியவும் இல்லை. தோண்டிப் பார்த்தால், ஒரு பாடத்தின் பெயர் ‘கணிதம் & அறிவியல்’ என்று வந்திருக்கிறது. & என்பது லேடெக்கில் அட்டவணைக் கட்டம் பிரிக்கிற குறி, இடம் தவறி வந்ததும் டெக் (லேடெக்குக்கு அடியில் ஓடும் இயந்திரம்) ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நாம் ஏதாவது தட்டுவோம் என்று காத்திருக்கிறது, பைதான் வெளியீட்டைப் பிடித்து வைத்திருந்ததால் அந்தக் கேள்வி திரைக்கே வரவில்லை. கம்பைல் கட்டளையில் ‘நான்ஸ்டாப்மோட்’ (கேள்வி கேட்டு நிற்காதே), ‘ஹால்ட் ஆன் எரர்’ (பிழை வந்தால் நிறுத்து) இரண்டையும் சேருங்கள், முதல் பிழையிலேயே வெளியே வந்துவிடும். % இன்னும் மோசம், ‘92%’ என்று அப்படியே போனால் அந்த வரியில் மீதி எல்லாம் குறிப்புரை என்று விழுங்கப்பட்டுவிடும். எக்செலில் வருகிற எதையும் இந்தக் குறிகளுக்கு முன் பின்சாய்கோடு போடாமல் உள்ளே விடாதீர்கள்.

இதைவிட வயிற்றைக் கலக்கியது வேறு. கம்பைல் வெற்றி என்கிறது, பிடிஎஃப் வந்துவிட்டது, பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி! யூனிகோடு எழுத்துருக்களை ஏற்கும் லேடெக் வகையான ஸீலேடெக்கில் உடல் பகுதிக்குத் தமிழ் எழுத்துரு கொடுத்தாயிற்று, தலைப்புக்கு டெம்ப்ளேட்டில் இருந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. லாகில் (ஓட்டத்தின் பதிவுக் கோப்பு) ‘மிஸ்ஸிங் கேரக்டர்’, அதாவது எழுத்தைக் காணோம் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது, அது வெறும் எச்சரிக்கை என்பதால் நிரலுக்கு எல்லாம் சரி என்றே தகவல் போகிறது. பெற்றோர் கையில் பெயரில்லாத அட்டை போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? டெக் லைவ் (டெக், லேடெக் எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு) 2021 முதல் ‘டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ்’ என்ற அமைப்பின் மதிப்பை 3 என்று வைத்தால் இதுவே பிழையாகி, கம்பைல் நின்றுவிடும். தமிழில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தரமணி ஆய்வு மாணவி:
அண்ணா, நான் ஆர்ஸ்டுடியோவில் (ஆர் மொழியில் நிரல் எழுதும் மென்பொருள்) நிட்டர் என்ற, ஆர் முடிவுகளை லேடெக் ஆவணத்துக்குள் சேர்க்கும் தொகுப்பை வைத்து ஆய்வேடு எழுதுகிறேன். படங்களும் அட்டவணைகளும் நேராகத் தரவிலிருந்தே வருவதால் கைடு ஒரு எண்ணை மாற்றச் சொன்னாலும் பயமில்லை. தனியாக ஒரு ஸ்கிரிப்டில் ஓட்டியபோதுதான் படம் எண் வர வேண்டிய இடமெல்லாம் ?? என்று வந்தது. எண்கள் முதல் ஓட்டத்தில் ஆக்ஸ் என்ற துணைக் கோப்பில் எழுதப்பட்டு அடுத்த ஓட்டத்தில்தான் பக்கத்துக்கு வரும் என்று சீனியர் அக்கா விளக்கினார். லேடெக்கை ஓட்டித் தரும் லேடெக்மேக் என்ற கருவியிடம் விட்டதும், தேவைப்படும் வரை அதுவே திரும்ப ஓட்டுகிறது. ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்துக்கு லுவாலேடெக் என்ற இன்னொரு லேடெக் வகை, எழுத்துருவில் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைச் சரியாகக் கோத்து அமைக்கும் மென்பொருள்) என்று கொடுத்திருக்கிறேன், கொம்பு இடம் மாறாமல் வருகிறது.

வேளச்சேரி:
நல்லதும்மா. நானும் லேடெக்மேக்தான். ஒன்று மட்டும், பல அட்டைகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் தற்காலிகக் கோப்புறை கொடுத்துவிடுங்கள், ஒரே பெயரில் ஒரே இடத்தில் ஓடினால் ஒன்றின் ஆக்ஸ் கோப்பை மற்றது அழித்து எழுதிவிடும். பிழை வந்த கோப்புறையை மட்டும் அழிக்காமல் விட்டுவையுங்கள், லாக் அதற்குள்தான் இருக்கும்.